கருப்பன் கை கொடுக்க மறுத்த இடம்

சென்ற ஆண்டு ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை மாலை, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள ஃபிராங்கோனியா மலையிலிருந்து 31 கிலோ எடையுள்ள ஒரு நாயைத் தோளில் சுமந்துகொண்டு தனியாக இறங்கினேன். காலையில் ஏறத் தொடங்கியபோது எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நான் கணக்கிட்டிருந்த நடை, பதினைந்தரை மணி நேரம் ஆனது. அதன் பிறகு மருத்துவச் செலவாக 1,183 டாலர் போயிற்று. அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்பும் போயிற்று. நாயுடன் மலையேறுகிற படங்களை நம்மவர்கள் பலர் இப்போது பகிர்கிறார்கள், பார்க்க மகிழ்ச்சியாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களில் நாயின் உள்ளங்கால் தெரிவதில்லை. எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கருப்பன் நான்கு வயதுக் கருப்பு லாப்ரடார். பாஸ்டனுக்கு வடக்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது தளத்தில் வசிக்கிறோம். காலையும் மாலையும் புல்வெளியில் முக்கால் மணி நேரம் நடப்பான், வார இறுதிகளில் மிடில்செக்ஸ் ஃபெல்ஸ் காட்டில் ஓடுவான். எனவே அவனுக்கு உடல் வலு போதுமென்று நினைத்தேன். என் நினைப்புக்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் சிறுமலை அடிவாரத்தில் வளர்ந்தவன். விறகுக்கும் தேனுக்கும் பெரியவர்கள் மலையேறும்போது ஊர் நாய்கள் இரண்டு மூன்று தாமாகவே பின்னால் வரும், கல்லிலும் முள்ளிலும் நாள் முழுவதும் திரிந்துவிட்டு, இருட்டியதும் எங்களுக்கு முன்பாகவே வீட்டுத் திண்ணையில் வந்து படுத்திருக்கும். நாய்க்கு மலை ஒரு பொருட்டே இல்லை என்ற எண்ணம் எனக்குள் அப்படித்தான் ஊன்றியது. பிறந்த நாள் முதல் கல்லில் நடந்த நாட்டு நாயின் காலும், தரைவிரிப்பிலும் புல்லிலும் வளர்ந்த கருப்பனின் காலும் ஒன்றல்ல என்பது, இவ்வளவு எளிய விஷயமாக இருந்தும், எனக்குத் தோன்றவே இல்லை.

மனைவி அந்த மாதம் சென்னைக்குப் போயிருந்தார். வழக்கமாக எங்களுடன் வரும் நண்பர் முந்தைய இரவு வரமுடியாது என்று சொல்லிவிட்டார். பயணத்தைத் தள்ளிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்தில் வானம் முழுக்கத் தெளிவாக இருக்கும் சனிக்கிழமைகள் அரிது. ஆகவே அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பி, 93ஆம் நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டி, 6:20க்கு நடக்கத் தொடங்கிவிட்டோம். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் 3.2 மைல் ஏறி லிட்டில் ஹேஸ்டாக் சிகரத்தை அடைவது, அங்கிருந்து மலைமுகட்டின் மேலேயே 1.7 மைல் நடந்து லிங்கன், லாஃபயெட் ஆகிய இரு சிகரங்களையும் கடப்பது, பிறகு கிரீன்லீஃப் குடில் வழியாக 4 மைல் இறங்கிக் காரை அடைவது என்பது திட்டம். மொத்தம் ஏறத்தாழ 9 மைல், அதாவது பதினான்கரை கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் கிட்டத்தட்ட 1,200 மீட்டர்.

முதல் இரண்டு மைல் சொர்க்கம். பாதை ஓடையை ஒட்டியே போகிறது, நான்கைந்து இடங்களில் ஓடையைத் தாண்ட வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக அருவிகள் வருகின்றன. கருப்பன் ஒவ்வொரு குட்டையிலும் இறங்கி நின்றான், படுத்தான், நீரைக் கலக்கினான். நான் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் படங்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஏனென்றால் தவறு அங்கேதான் தொடங்கியிருந்தது. நாயின் பாதத்தின் அடியில் மெத்தை போல இருக்கும் தடித்த கருந்தோல், வெகுநேரம் நீரில் ஊறினால் நம் விரல் நுனிகளைப் போலவே மென்மையாகிவிடுகிறது. ஊறிய தோலுடன் சொரசொரப்பான பாறையில் ஏறினால் அது உப்புத்தாளில் தேய்த்தாற்போலத் தேய்கிறது. மருத்துவர் இதை நள்ளிரவில் எனக்கு விளக்கியபோது, ஓடையில் விளையாடவிட்டது தவறில்லை, அதன் பிறகு காலைத் துடைத்து உலரவிடாமல் உடனே பாறையில் ஏற்றியதுதான் தவறு என்றார். நீரில் விளையாடிய நாயைப் பாறைப் பகுதிக்குள் நுழையுமுன் கால் மணி நேரமாவது உட்கார வைத்து, விரல் இடுக்குகள் உட்பட நன்றாகத் துடைத்துவிடுங்கள். இதற்குத் துண்டு ஒன்று போதும். என்னிடம் துண்டு இருந்தது, ஆனால் அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற அறிவு அப்போது இல்லை.

அருவிகள் முடிந்ததும் பாதை செங்குத்தாகிறது. 9:50க்கு மரங்கள் முடிந்து, திறந்த பாறைக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்து லாஃபயெட் சிகரம் வரைக்கும், அதற்கப்பால் இறங்கும் வழியில் கணிசமான தூரத்துக்கும், நிழல் என்பது கிடையாது, தண்ணீரும் கிடையாது. பாதையின் இருபுறமும் தாழ்வாகக் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்ற, ஒரு நாணயத்தளவே இருக்கும் சிறு மஞ்சள் பூச்செடி நியூ ஹாம்ப்ஷயரின் இந்த உயர்மலைப் பகுதிகளில் மட்டுமே வளர்கிறது, அழியும் நிலையிலிருந்து மீண்டு 2002இல்தான் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனவே கருப்பனைக் குறுகிய கயிற்றில் பிடித்திருந்தேன். அந்த விதி மிகச் சரியானது, ஆயினும் அதன் விளைவு ஒன்றை நாய் வைத்திருப்பவர் உணர வேண்டும்: ஒதுங்கி நடக்க நாய்க்கு மென்மையான தரை எங்கும் கிடைக்காது, ஆயிரக்கணக்கான காலணிகள் உடைத்துப்போட்ட கூர்ங்கற்களின் மேல்தான் அது நடந்தாக வேண்டும். காற்று குளிர்ச்சியாக வீசியதால் வெயில் எனக்கு உறைக்கவில்லை. பாறையில் புறங்கையை வைத்துப் பார்த்திருந்தால் அது எவ்வளவு சூடேறியிருந்தது என்று தெரிந்திருக்கும். ஏழு விநாடி வைத்திருக்க முடியாத சூட்டில் நாயை நடத்தக் கூடாது என்பதை இப்போது விதியாகவே வைத்திருக்கிறேன்.

லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. ஐந்து வயதிருக்கும் சிறுமி ஒருத்தி தன் கையிலிருந்த கொட்டை, உலர்திராட்சை, சாக்லேட் கலவையைக் கருப்பனுக்கு நீட்டினாள். நல்ல வேளையாக அது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது: உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், சாக்லேட்டும் நஞ்சு. சிரித்தபடியே தடுத்துவிட்டேன். கூட்டம் மிகுந்த சிகரங்களில் இது அடிக்கடி நேரும். அன்பாகத்தான் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தும் நான் அவன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருக்க வேண்டிய இடம் அதுதான். அங்கிருந்து கீழே 3.2 மைல், அதிலும் அரை மைல் போனாலே மரநிழல். அதற்குப் பின் எடுத்த எந்த முடிவும் நல்ல முடிவாக இருந்திருக்க வழியில்லை.

லிங்கன் சிகரத்தில் 10:35க்கு நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தபோது, வெளிறிய பாறை ஒன்றின் மேல் செந்நிறமாக ஏதோ தெரிந்தது. நடுவில் பெரிதாக ஒன்று, அதைச் சுற்றி நான்கு சிறு புள்ளிகள், குங்குமத்தைத் தொட்டு வைத்தாற்போல. யாரோ பழத்தை மிதித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்க எவ்வளவு முயன்றிருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது. அந்த உயரத்தில் ஏது பழம்? இன்னும் கால் மைல் போனதும் கருப்பன் பாதை நடுவே படுத்துக்கொண்டான். களைப்பு என்று எண்ணித் தண்ணீர் கொடுத்தேன், குடித்தான். எழுந்திருக்கவில்லை. குட்டியாக இருந்தபோது நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்த முதல் வித்தை 'கை கொடு' என்பது. விருந்தினர் யார் வந்தாலும் கேட்குமுன்பே காலை நீட்டுகிறவன். அன்று 'கை கொடு கருப்பா' என்றேன். முன்காலை இழுத்து வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்கு அடிவயிறு கலங்கியது. மெல்லப் புரட்டிப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டிலும் பெரிய மெத்தைத் தோல் பிரிந்து, வெந்நீரில் போட்ட தக்காளியின் தோல் போல ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, அடியில் பச்சைச் சதை இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. பின்னங்கால்களில் ஒன்றும் தேய்ந்திருந்தது. இவ்வளவுக்கும் அதுவரை அவன் ஒருமுறைகூட முனகவில்லை, நொண்டவில்லை. முன் நடக்கிறவர் நடக்கும்வரை தானும் நடப்பதுதான் நாயின் இயல்பு.

அங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். திரும்பினால் நான்கு மைலுக்கு மேல், அதில் பெரும்பகுதி ஈரப் பாறை. ஏறுவதற்கு உகந்தது, இறங்குவதற்கு ஆகாதது என்று எல்லோரும் எச்சரிக்கும் பாதை. முன்னே போனால் ஐந்து மைலுக்குச் சற்றுக் குறைவு, ஆனால் இடையில் லாஃபயெட் உச்சி, சுமார் 1,600 மீட்டர் உயரம். முன்னே போனால் குடில் இருக்கிறது, ஆட்கள் இருப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காக முன்னே போவதென்று முடிவெடுத்தேன். இப்போதும் அந்த முடிவு சரிதான் என்று நினைக்கிறேன். சரியான முடிவுக்கே அவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதுதான் வருத்தம்.

என் பையில் மனிதருக்கான முதலுதவிப் பெட்டி இருந்தது. அதிலிருந்த சிறு ஒட்டுப்பட்டைகள் உரோமத்தில் ஒட்டவே ஒட்டாது. காயத்தைத் தண்ணீரால் கழுவி, மருந்துத் துணியை மடித்து வைத்து, மாற்றுக்கென வைத்திருந்த கம்பளிக் காலுறைகளை மாட்டி, அதன்மேல் பிளாஸ்திரி நாடாவைச் சுற்றினேன். இருநூறு அடிக்கு ஒருமுறை அது கழன்றது. அவ்வழியே வந்த வயதான தம்பதியர், தங்கள் நாய்க்காக வைத்திருந்த, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணிச் சுருள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான்கு டாலர் பெறுமானமுள்ள அந்தச் சுருள்தான் மற்ற எல்லாவற்றையும்விட உதவியது. அதை இறுக்கிக் கட்டிவிடக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று விரல்கள் வீங்கிவிடும். கட்டுக்குள் நம் விரல் ஒன்று நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை விரல்நுனி குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்னொருவர் நின்று விசாரித்து, மனமிரங்கி, தன் பையிலிருந்து இபுபுரூஃபன் மாத்திரை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் அதைப் பாதியாக உடைத்து, மதியத்துக்கென்று கொண்டுபோயிருந்த தயிர்ச்சோற்றில் பிசைந்து கருப்பனின் வாயருகே வைத்தேன். தயிர்ச்சோறு என்றால் கூரையில் ஏறிக் குதிப்பவன், அன்று மோந்துகூடப் பார்க்கவில்லை. வலியில் பசி இல்லை. அந்தச் சோற்றைப் பொட்டலத்தோடு கட்டி எடுத்துவந்துவிட்டேன். மனிதர்களுக்கான வலி மாத்திரைகள், அதிலும் இபுபுரூஃபன், நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் என்று அன்றிரவு மருத்துவர் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. நாயின் எடைக்கேற்ற வலி மருந்தை உங்கள் கால்நடை மருத்துவரிடமே முன்கூட்டிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். அது இல்லையென்றால் எதுவுமே கொடுக்காமலிருப்பது மேல்.

லாஃபயெட் உச்சியை அடைந்தபோது மணி 1:10. ஒரு மைலுக்கும் குறைந்த தூரத்துக்கு இரண்டு மணி நேரம். 31 கிலோவை அரிசி மூட்டை போலத் தோளில் போட்டுக்கொண்டால் சமதரையில் நூறு அடி நடக்கலாம், படிப்படியான பாறையில் நாற்பது அடிக்கு மேல் என்னால் முடியவில்லை. மூட்டை அசையாது, நாய் அசையும். அது அசையும்போது நம் கால் இடறும். இரண்டுமுறை முழங்காலில் விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்தபோதுதான் பையில் இருந்த துண்டு நினைவுக்கு வந்தது. அப்பா எங்கே போனாலும் தோளில் ஒரு துண்டோடுதான் போவார், அந்தப் பழக்கத்தில் நானும் பயணப் பையில் ஈரோட்டுத் துண்டு ஒன்றை வைத்திருப்பேன். அதைக் கருப்பனின் மார்புக்கடியில் கொடுத்து இரு முனைகளையும் முதுகுக்கு மேலே சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முன்னங்கால்களின் மேல் இறங்கும் எடையில் பெரும்பகுதியை என் கை தாங்க, அவன் பின்னங்கால்களால் நடந்தான். இறக்கத்தில் நாயின் எடை முன்னங்கால்களில்தான் விழும் என்பதால் இந்த உபாயம் ஓரளவு பலித்தது. சமமான இடங்களில் துண்டு, படிகளில் தோள் என்று மாறி மாறி, 1.1 மைல் இறங்கிக் குடிலை அடைய இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

குடிலைக் கண்டதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் இந்த மலைகளில் உள்ள குடில்கள் எதிலும் நாய்களுக்கு அனுமதி இல்லை என்பதை நான் மறந்திருந்தேன். அங்கே வேலை செய்த இளைஞர்கள் மிகவும் நல்லவர்கள். வெளியே நிழலில் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்தார்கள், கட்டைப் புதிதாகக் கட்ட உதவினார்கள். இருந்தும் இரவு தங்குவது என்ற வழி எனக்கு அடைபட்டிருந்தது. குடிலை அவசரப் புகலிடமாகக் கணக்கில் வைத்துக்கொண்டு நாயுடன் கிளம்பாதீர்கள். மீட்புக் குழு பற்றியும் சொல்ல வேண்டும். இம்மாநிலத்தில் காட்டிலும் மலையிலும் மீட்புப் பணி மீன்வள, வனவிலங்குத் துறையின் பொறுப்பு. 25 டாலர் கொடுத்து ஆண்டுதோறும் ஹைக்சேஃப் அட்டை வாங்கிக்கொள்ளலாம். நம் கவனக்குறைவால் மீட்க நேர்ந்தாலும் அதன் செலவை நம்மிடம் கேட்க மாட்டார்கள், அறிந்தே அடாத காரியம் செய்திருந்தால் மட்டும் கேட்பார்கள். என்னிடம் அந்த அட்டை இருந்தது. ஆனால் எனக்கு அடி எதுவும் இல்லை. நாயின் காலுக்காக அவசர எண்ணை அழைத்து, வேறெங்கோ மனித உயிருக்குத் தேவைப்படக்கூடிய ஆட்களை இழுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நாயைத் தூக்கிவர யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும்.

குடிலிலிருந்து கார் 2.9 மைல். 4:30க்குக் கிளம்பி 9:50க்குச் சேர்ந்தேன். வழியில் உள்ள செங்குத்தான பாறை முகப்புகளுக்குக் குடில்காரர்கள் 'வேதனைகள்' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் விவரிக்க எனக்கும் எதுவும் இல்லை. எட்டரைக்கு இருட்டிவிட்டது. நெற்றியில் கட்டும் விளக்கு இருந்தது, அதன் மின்கலம் பாதிதான் இருந்தது. ஒரு கட்டத்தில், இருட்டில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் கையில் இருந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தான்.

நெடுஞ்சாலையோரம் ஒரு நகரத்தில் இருபத்துநான்கு மணி நேரக் கால்நடை மருத்துவமனை இருந்தது. அங்கே உயிருக்கு ஆபத்தான நோயாளிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள், வந்த வரிசையில் அல்ல. ஆகவே 11:15க்குப் போய், அதிகாலை 4:30க்கு வெளியே வந்தேன். பரிசோதனைக் கட்டணம் 195 டாலர், மயக்கம் கொடுத்துத் தோலை வெட்டிச் சுத்தம் செய்து கட்டியதற்கு 540, மருந்துகள் 96. பிறகு எங்கள் ஊர் மருத்துவரிடம் நான்கு முறை கட்டு மாற்ற, முறைக்கு 88 டாலர். மாதம் ஐம்பது டாலருக்குள் முடியும் செல்லப்பிராணிக் காப்பீட்டை இரண்டு ஆண்டுகளாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தக் காப்பீடுகள் பெரும்பாலும் நாம் முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் வகையானவை என்பதால், காப்பீடு இருந்தாலும் கடன் அட்டையில் இடம் வைத்திருப்பது அவசியம். காலையில் மனைவியை அழைத்துச் சொன்னபோது, 'ஏங்க, அவனைத் தூக்கிட்டா வந்தீங்க?' என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்தை எந்தக் கட்டணத்தோடும் சேர்க்க முடியவில்லை. அடுத்த இரண்டு வாரங்கள், ஒரு நாளைக்கு நான்குமுறை, அவனை இரண்டு மாடிப்படி இறக்கி ஏற்றினேன்.

மறுநாள் குளிப்பாட்டாமல் துடைத்துவிடும்போது காதுக்குப் பின்னால் ஒன்றும், விரலிடுக்கில் இரண்டுமாக உண்ணிகள் கிடைத்தன. இங்குள்ள கருங்கால் உண்ணி லைம் நோயைப் பரப்புவது; கோடையில் அதன் இளம் பருவம் கசகசா அளவுதான் இருக்கும், வளர்ந்தது எள்ளளவு. கருப்பு நாயின் உரோமத்தில் கண்ணால் தேடிப் பயனில்லை, விரல்நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கடி, அக்குள், விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களை விடக் கூடாது. நோய்க்கிருமி நாயின் உடலுக்குள் போக உண்ணி பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், ஆகவே அன்றே எடுத்துவிட்டால் பயம் மிகக் குறைவு. ஊரில் செய்வதுபோல மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. மெல்லிய நுனியுள்ள இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். மாதாந்திர உண்ணி மாத்திரையை நாங்கள் ஒருபோதும் தவறவிட்டதில்லை என்பது அன்றைய ஒரே ஆறுதல்.

இனி நான் மாற்றிக்கொண்டவை. பாதத்தோல் பழக்கத்தால்தான் தடிக்கும். ஆகவே புல்லில் நடத்துவதைக் குறைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் சரளைக்கல் பாதையிலும் பாறையிலும், முதலில் கால் மணி நேரம், பிறகு அரை மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போனோம். நாய்க்கான காலணி வாங்கினேன். நின்ற நிலையில், எடை இறங்கிய பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்துதான் அளவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறிதாகிவிடும். முதல் வாரம் கருப்பன் அதைப் போட்டுக்கொண்டு நெருப்பில் நடக்கிற கொக்கு மாதிரி நடந்தான், நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே பழக்கிய பிறகுதான் சகஜமானான். மலையில் வைத்து முதன்முறையாக மாட்டினால் அவன் அதை உதறிவிட்டுத்தான் நடப்பான். நாயை முதுகில் சுமப்பதற்கென்றே விற்கும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் சுமைத்துணியும் வாங்கி, வீட்டுப் படிக்கட்டிலேயே அவனை அதில் கட்டித் தூக்கிப் பார்த்தேன். அரை மைல்கூடத் தூக்க முடியாத நாயை ஐந்து மைல் உள்ளே கூட்டிப்போவது பற்றி அந்தப் படிக்கட்டு தரும் அறிவு வேறெங்கும் கிடைக்காது.

தண்ணீர்க் கணக்கும் மாறியது. சும்மா வீட்டில் இருக்கும் நாய்க்கே ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் வேண்டும். கருப்பனுக்கு அது ஒன்றரை லிட்டருக்கு மேல். நானோ மலைக்கே ஒரு லிட்டர்தான் கொண்டுபோனேன். இப்போது அவனுக்கென்று மட்டும் இரண்டரை லிட்டர். எந்த மலை என்பதையும் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். பாஸ்டன்காரர்கள் எல்லோரும் ஓடும் மொனாட்நாக் மலையின் மாநிலப் பூங்காவில் நாய்க்கு அனுமதியே இல்லை, வடக்கே மெய்ன் மாநிலத்தின் பாக்ஸ்டர் பூங்காவிலும் இல்லை. தெரியாமல் இரண்டு மணி நேரம் ஓட்டிப்போய்த் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். அனுமதி உள்ள இடங்களிலும், ஃப்ளூம் ஸ்லைடு, ஹன்டிங்டன் பள்ளத்தாக்குப் பாதை போன்றவை கையால் பற்றி ஏறும் பாறைகள், நாய்க்கானவை அல்ல. புளூ ஹில்ஸ், மேஜர் மலை போன்ற சிறு குன்றுகளில் தொடங்குவது நல்லது. அழகுக்கு அங்கேயும் குறைவில்லை.

அக்டோபரில், இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்த ஒரு காலையில், கருப்பனை மறுபடி மிடில்செக்ஸ் ஃபெல்ஸுக்கு அழைத்துப்போனேன். கைப்பேசியில் நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்க வைத்திருந்தேன். மணி அடித்தால் நான் ஒரு பாறையில் உட்காருவேன், 'கை கொடு' என்பேன், அவன் தருவான். முன்னங்கால் இரண்டையும் திருப்பிப் பார்த்து, பின்னங்கால்களைத் தூக்கிப் பார்த்து, விரலிடுக்கில் கல் இருந்தால் எடுத்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்புவோம். இப்போது அந்த மணிகூடத் தேவைப்படுவதில்லை. காலணியின் கயிறைக் கட்ட நான் எங்கே குனிந்து உட்கார்ந்தாலும், கருப்பன் எதிரே வந்து நின்று, கேட்குமுன்பே வலது காலை நீட்டுகிறான். பார்த்து முடித்ததும் இடது காலை.